ஏழு அரியருக்கு ஐந்து வரி

என் பி.இ. மதிப்பெண் சான்றிதழில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில், அதில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருக்கும். ஐந்தாம் செமஸ்டர் பாடத்துக்கு நேராக நவம்பர் 2018. ஆறாம் செமஸ்டர் பாடத்துக்கு நேராக ஏப்ரல் 2019. பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாலே போதும், எனக்கு எத்தனை அரியர் (தேர்ச்சி பெறாமல் மறுபடி எழுத வேண்டிய பாடம்) இருந்தது, எப்போது முடித்தேன் என்று தெரிந்துவிடும். மொத்தம் ஏழு.

அந்த ஏழுக்கும் ஒரு காரணம் இருந்தது. அதை வேலை விண்ணப்பத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது, வந்த ரெஸ்யூம்களைப் பார்த்துப் பிரித்து மேனேஜருக்கு அனுப்புவதும் என் வேலை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேராவது அன்று நான் செய்த அதே தவறுகளைச் செய்து அனுப்புகிறார்கள். நல்ல பிள்ளைகள், நிஜமாகவே கஷ்டப்பட்டவர்கள். சொல்லத் தெரியாததால் மட்டும் பின்னால் போகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகாசி. அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். அம்மா வீட்டிலிருந்தே பைண்டிங் வேலை எடுத்துச் செய்வார். 2017-இல் ஆடிப்பெருக்கு முடிந்து காலண்டர் வேலை சூடுபிடித்த நேரம். அப்பாவுக்குக் கால் வீங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். நான் அப்போது ஐந்தாம் செமஸ்டர், எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் (இ.இ.இ.). தம்பி எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

டயாலிசிஸுக்கு மதுரையில்தான் இடம் கிடைத்தது. செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்து மணி பஸ். போனதும் எடை பார்ப்பார்கள், ஏனென்றால் இரண்டு நாளில் உடம்பில் சேர்ந்த தண்ணீர் எவ்வளவு என்பது அந்த எடையில்தான் தெரியும். அப்புறம் நான்கு மணி நேரம் மெஷின். முடிந்ததும் மறுபடி எடை. அப்பாவுக்கு இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருந்தார்கள். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். "பாத்தியா, கைக்குள்ளயே மிஷின் ஓடுது" என்று அப்பா என் விரலை எடுத்து வைத்துக் காட்டுவார்.

பெரும்பாலும் நான்தான் கூடப் போனேன். சில வியாழக்கிழமைகளில் அம்மா வேலையை விட்டுவிட்டுப் போவார். அட்டண்டன்ஸ் 75 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் பவர் சிஸ்டம் அனாலிசிஸ் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். மெஷின் அலாரம் அடிக்கும்போதெல்லாம் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். நான்கு மணி நேரத்தில் நான்கு பக்கம் நகராது. அந்த செமஸ்டரில் நான்கு பாடம் போனது, அடுத்த செமஸ்டரில் மூன்று.

2018 ஜூனில் சித்தப்பா திருப்பூர் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். அப்பாவை அழைத்துப் போகும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். ஏழாம் செமஸ்டரில் எனக்குப் புதிய அரியர் ஒன்றுகூட இல்லை. அந்த நவம்பரில் அந்த செமஸ்டர் பாடங்களோடு பழைய பாடங்களையும் சேர்த்து எழுதி ஐந்தை முடித்தேன். மீதி இரண்டையும் எட்டாம் செமஸ்டரோடு முடித்தேன். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ நடந்ததெல்லாம் அதற்கு முன்னால். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். முதல் நிபந்தனை எனக்கு இருந்தது, இரண்டாவது இல்லை. ஆடிட்டோரியத்துக்குள்ளேயே போக முடியவில்லை.

2019 ஜூனில் வெளியே விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். முதலில் எழுதிய கடிதம் இன்னும் என் மெயிலில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். அப்பாவுக்கு நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆரம்பித்து, பஸ், ஆஸ்பத்திரி, அம்மா அடகு வைத்த வளையல், தம்பியின் படிப்பு, கல்லூரியில் சிலர் புரிந்துகொள்ளாமல் பேசியது எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பத்தியில் என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு ஒரு வாய்ப்பு தருமாறு தாழ்மையுடன் கேட்டிருந்தேன். எழுதும்போது அழுதேன். பதினொரு கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு பதில்கூட வரவில்லை.

இன்று அதைப் படித்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு அம்மாவோடு போய் மனு கொடுத்திருக்கிறேன். மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவர் அப்படித்தான் எழுதுவார். கஷ்டத்தை எவ்வளவு முழுதாகச் சொல்கிறோமோ அவ்வளவு காரியம் நடக்கும் என்பது அந்த இடத்தின் முறை, அங்கே அது சரியும்கூட. உதவி கேட்கும் தாள் அது. வேலை விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு நமக்கு உதவும் அதிகாரம் கிடையாது. அவருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பெண்ணிடம் வேலையை நம்பிக் கொடுக்கலாமா என்ற ஒன்றுதான். என் ஒன்றரைப் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. வீட்டில் கஷ்டம் இன்னும் தொடர்கிறது, இவள் எந்த நாளும் லீவு கேட்கக்கூடும் என்ற எண்ணம்தான் அதைப் படித்தவருக்கு வந்திருக்கும்.

பதில் வராததும் நேர் எதிர்ப்பக்கம் போனேன். எதையும் சொல்ல வேண்டாம், டிகிரிதான் முடிந்துவிட்டதே என்று இருந்தேன். ஆகஸ்டில் சென்னையில் ஒரு நேர்காணல். விண்ணப்பப் படிவத்தில் அரியர் உண்டா என்று ஒரு கேள்வி. நிலுவையில் எதுவும் இல்லையே என்று "இல்லை" என்பதை டிக் செய்தேன். அவர்கள் கேட்டிருந்தது எப்போதாவது அரியர் இருந்ததா என்பதை. கேள்வியின் கீழே சின்ன எழுத்தில் அது இருந்தது. நான் நிதானமாகப் படிக்கவில்லை. அதைவிட உண்மை, நிதானமாகப் படிக்க நான் விரும்பவில்லை.

டெக்னிக்கல் சுற்று நன்றாகப் போனது. அடுத்து சான்றிதழ் சரிபார்ப்பு. சரிபார்க்க உட்கார்ந்திருந்த அலுவலர் அம்மா நான் ஆரம்பத்தில் சொன்னபடியே விரலை மேலிருந்து கீழே இழுத்தார். நவம்பர் 2018-இல் விரல் நின்றது. படிவத்தை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நீங்க முதல்லயே சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேன்மா. இப்ப நான் எதைச் சொல்லிப் பேசுறது?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. வெளியே வந்து தாம்பரத்தில் பஸ் ஏறி, விழுப்புரம் தாண்டும் வரை அந்த வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போது அவர் சொன்னதன் முழு அர்த்தம் புரிகிறது. விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் முடிவெடுப்பவர் அல்ல. அவருக்கு நம்மைப் பிடித்திருந்தாலும், மேலே இருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். "ஏழு அரியர் இருக்கே, ஏன் இதை அனுப்புறீங்க?" என்று மேனேஜர் கேட்பார். அப்போது அவர் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை நாம்தான் எழுதித் தர வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது அப்பா. சென்னையிலிருந்து திரும்பிய வாரம் வீட்டில் இதே பேச்சு. அம்மாவுக்கு வீட்டு விஷயத்தை வெளியே எழுதுவதே பிடிக்கவில்லை. எனக்கும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அப்பா படுக்கையில் இருக்க, அவர் நோயைக் காட்டி நான் வேலை வாங்கப் பார்க்கிறேனோ என்று. அதை அவரிடமே கேட்டுவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "பிரஸ்ஸுல ரிஜிஸ்டர் மாறி, கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழாம, ஐநூறு ஷீட் வேஸ்ட்டாப் போச்சுன்னா, ஏன் போச்சுன்னு நோட்டுல எழுதி வச்சிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். பேப்பர் ஈரமா இருந்துச்சு, இத்தனை மணிக்கு மாத்திட்டோம், இப்ப சரியா ஓடுது. அவ்வளவுதான். எழுதலைன்னா அடுத்த ஷிப்டுக்காரன் மிஷினைத்தான் குத்தம் சொல்லுவான். நடந்ததைத்தானே எழுதப் போற? எழுது." பிறகு என் பழைய கடிதத்தைப் படித்துக்காட்டச் சொன்னார். "தினமும் மருத்துவமனைக்கு அலைந்தேன்" என்ற இடத்தில் நிறுத்தினார். "தினமும் எங்க போனோம்? வாரம் மூணு நாள்தானே போனோம்."

அன்று இரவு எழுதியது ஐந்து வரி. ஆங்கிலத்தில் அனுப்பினேன், தமிழில் இப்படி வரும்:

"ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் (2017 ஜூலை முதல் 2018 மே வரை) எனக்கு 7 அரியர்கள் இருந்தன. அந்தக் காலத்தில் என் தந்தைக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று நாள் மதுரையில் டயாலிசிஸ் நடந்தது; அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பில் பெரும்பகுதி என்னுடையது. 2018 ஜூனில் என் சித்தப்பா அந்தப் பொறுப்பை ஏற்றார். அதன்பின் 7, 8-ஆம் செமஸ்டர்களில் புதிய அரியர் எதுவும் இல்லை; பழைய ஏழையும் 2019 ஏப்ரல் தேர்வுக்குள் முடித்துவிட்டேன். மருத்துவமனைப் பதிவுகளும் துறைத்தலைவரின் கடிதமும் கேட்டால் தருகிறேன்."

எண்ணிக்கையை முதல் வரியிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. படிப்பவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்கக் கூடாது. நாமே சொன்னால் அது ஒரு தகவல், அவர் கண்டுபிடித்தால் அது நாம் மறைத்தது. இரண்டாவது வரியில் வலி, துயரம், போராட்டம் என்று ஒரு சொல்லும் கிடையாது. வாரம் மூன்று நாள், மதுரை, டயாலிசிஸ் என்ற மூன்று விவரங்களே போதும். படிப்பவர் வீட்டிலும் யாராவது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மீதியை அவரே புரிந்துகொள்வார்.

எல்லோரும் விட்டுவிடுவது மூன்றாவது வரியைத்தான். என்னிடம் வரும் விண்ணப்பங்களில் காரணத்தைச் சொல்பவர்களில்கூட முக்கால்வாசிப் பேர் அது எப்போது முடிந்தது, எப்படி முடிந்தது என்று சொல்வதே இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று இருக்கும். இப்போது அம்மா எப்படி இருக்கிறார் என்பது இருக்காது. விபத்து என்று இருக்கும். கால் சரியாகிவிட்டதா என்பது இருக்காது. ஒருவேளை சூழ்நிலை இன்னும் முடியவில்லை என்றால், அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றாவது சொல்ல வேண்டும். இப்போது அக்கா பார்த்துக்கொள்கிறார், எனக்கு மாதத்தில் ஒரு நாள் மட்டும் லீவு வேண்டியிருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரை நாங்கள் எடுத்தோம். மாதம் ஒரு நாள் என்பது ஒரு கணக்கு. கணக்கை வைத்து ஷிப்ட் போடலாம்.

நான்காவது வரி ஆதாரம். முதல் நான்கு செமஸ்டரில் அரியர் இல்லை, நடுவில் இரண்டில் ஏழு, கடைசி இரண்டில் மறுபடி இல்லை. இந்த ஏற்ற இறக்கம் காரணத்தோடு மாதக்கணக்கில் பொருந்தி நிற்கிறது. பொருந்தாத காரணத்தைச் சொன்னால் பார்த்த உடனே தெரிந்துவிடும். 2018-இல் பாட்டி இறந்ததை 2016 அரியருக்குக் காரணமாக எழுதிய ஒரு விண்ணப்பம் வந்தது. அவர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார், பதற்றத்தில் குழப்பிவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு மற்ற வரிகளை நம்பிப் படிக்க முடியவில்லை. எழுதியதும் மதிப்பெண் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாதத்தையும் ஒத்துப்பாருங்கள்.

ஐந்தாவது வரியில் சொன்ன காகிதங்களை நான் எந்த விண்ணப்பத்தோடும் இணைத்ததில்லை. கேட்டால் காட்ட ஒரு ஃபைலில் தனியாக வைத்திருந்தேன். டயாலிசிஸ் அட்டையின் நகல், காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வந்த தாள், எங்கள் துறைத்தலைவர் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்த பத்து வரி. அந்தக் கடிதத்தைப் படிப்பு முடியும் முன்பே வாங்கிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போனால் அவர் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார், அல்லது நம் முகம் மறந்திருக்கும். இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கஷ்டம் நடந்துகொண்டிருக்கும்போதே துறையில் எழுத்தில் தெரிவித்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் எம்.எஸ்சி. படித்த என் பள்ளித் தோழி, அங்கே பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒரு படிவம் உண்டு, குறித்த தேதிக்குள் ஆதாரத்தோடு கொடுத்தால் தேர்வுக் குழு அதைப் பார்க்கும் என்று சொன்னாள். எனக்கு அப்படி ஒரு படிவம் கிடைக்கவில்லை. என் அரியர் சரித்திரத்துக்குக் கல்லூரியில் அன்றைய தேதியிட்ட ஒரே சாட்சி, 2017 அக்டோபரில் நான் எழுதிக் கொடுத்த லீவு லெட்டர்தான்.

நோய் உங்களுடையதாக இருந்தால் அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. முக்கியமாக மனநலச் சிகிச்சை எடுத்தவர்கள் பயந்து பயந்து கேட்கிறார்கள். "மருத்துவக் காரணத்தால் 2021 மார்ச் முதல் டிசம்பர் வரை சிகிச்சையில் இருந்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தகுதியாக இருக்கிறேன்" என்றால் போதும். மருத்துவரின் தகுதிச் சான்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு பொய்யும் இல்லை, சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது. நான் அப்பா நோயின் பெயரைச் சொன்னது, டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள் என்பது எல்லோருக்கும் உடனே புரியும் என்பதால். அதையும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

இந்த ஐந்து வரி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய கம்பெனிகளின் ஆன்லைன் படிவத்தில் சதவீதத்தையும் அரியரையும் போட்டதும் கணினியே பிரித்துவிடும். நம் கடிதத்தை ஒரு மனிதர் படிக்கப்போவதே இல்லை. அங்கே எண்ணை மாற்றிப் போட்டு உள்ளே நுழையலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு வரும். என் ரூம்மேட்டின் தம்பி நான்கு மாதம் ஓர் இடத்தில் வேலை பார்த்து, பிடிக்காமல் நின்றுவிட்டு, அதை ரெஸ்யூமில் போடவில்லை. அவனுடைய பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டதும், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வந்துவிட்டது. ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். "குடும்பக் காரணத்தால் நான்கு மாதத்தில் விலகினேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள்.

மனிதர் படிக்கும் இடங்களைத் தேடிப் போக வேண்டும். நடுத்தர, சிறிய கம்பெனிகள், அங்கே வேலை பார்ப்பவர் மூலம் போகும் ரெஸ்யூம், நேரில் வரச் சொல்லும் வாக்-இன். எனக்குக் கதவு திறந்தது அப்ரன்டிஸ் பயிற்சியில். தரமணியில் இருக்கும் தென்மண்டல தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் கீழ், பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு. நேட்ஸ் என்று சொல்வார்கள். நான் சேர்ந்தபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். கோயம்புத்தூரில் ரூம் வாடகையும் மெஸ்ஸும் போகக் கையில் எதுவும் நிற்காது. ஆனால் ஒரு வருடம் கழித்து என் ரெஸ்யூமில் அரியருக்கு மேலே வைக்க ஒன்று கிடைத்தது.

அதற்கு விண்ணப்பித்தபோது இன்னொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. படிப்பு முடிந்ததிலிருந்து ஏன் இடைவெளி என்று கேட்ட ஒரு சின்னக் கட்டம். 2019 கடைசியில் அப்பாவுக்கு உடம்பு மோசமானது. சித்தப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மறுபடி நானும் போக ஆரம்பித்தேன். 2020 பிப்ரவரியில் அப்பா இறந்துவிட்டார். அடுத்த மாதம் ஊரடங்கு.

செப்டம்பரில் அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குத்தான் முறை தெரியுமே. என்ன நடந்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எப்படி முடிந்தது. "தந்தையின் டயாலிசிஸ் பராமரிப்பு, 2020 பிப்ரவரி வரை" என்று எழுதினேன். அடுத்து, அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது என்று எழுத வேண்டும். கை வரவில்லை. அப்பா இல்லை என்பதை எனக்குச் சாதகமான வரியாக எழுத வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. எழுந்து போய்க் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். ஒரு வருடத்துக்கு முன்னால் வெளியே எதையும் எழுதாதே என்றவர், "அப்பாவே எழுதச் சொன்னதுதானேம்மா. தேதியப் போட்டு எழுது" என்றார். "தந்தை 2020 பிப்ரவரியில் காலமானார்" என்று மட்டும் எழுதினேன். பொறுப்பு முடிந்தது என்ற வரியை எழுதவில்லை. அதைப் படிப்பவர் தானே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த நிலையில் இருப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

2021 அக்டோபரில், பயிற்சி முடிந்த கையோடு இப்போதைய வேலைக்கு நேர்காணல். அதற்கு முந்தின வாரம் முழுவதும் இரவில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் அந்த ஐந்து வரியைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். கண்ணால் படித்துப் பழகினால் போதாது, வாய் பழக வேண்டும். முதல் நாள் "டயாலிசிஸ்" என்ற சொல்லிலேயே குரல் உடைந்தது. நான்காம் நாள் அரை நிமிடத்தில் சொல்லி முடித்து நிறுத்த முடிந்தது. நிறுத்துவதற்கும் பழக வேண்டும். சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் இருப்பார். அந்த அமைதியில்தான் நாம் பயந்துபோய் மேலும் மேலும் பேசி, சொல்ல வேண்டாததை எல்லாம் சொல்லிவிடுகிறோம்.

மேனேஜர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழும் இதனாலதானா?" என்று கேட்டார். நான் எதிர்பார்க்காத கேள்வி. ஒரு நொடி யோசித்தேன். "இல்ல சார். ஆறு அதனால. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் எனக்கே கஷ்டம். அத மூணாவது தடவைதான் முடிச்சேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். சேர்ந்து ரொம்ப நாள் கழித்து ஒருமுறை டீ குடிக்கும்போது அவரே சொன்னார், அந்த ஒன்றை ஒத்துக்கொண்டதால்தான் மற்ற ஆறையும் நம்பினாராம். நம் பக்கம் உள்ள குறையில் எந்தப் பகுதி சூழ்நிலையால் வந்தது, எது நம்மால் வந்தது என்று நேர்காணலுக்கு முன்பே பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

"அப்பா இப்ப எப்படி இருக்காங்க?" என்று அடுத்துக் கேட்டார். கடிதத்தை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறார் போல. "போன வருஷம் பிப்ரவரியில இறந்துட்டாங்க சார்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, நோ-லோட் டெஸ்டில் கரண்ட் கூடுதலாகக் காட்டினால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

இப்போது என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் அதிகம் பார்ப்பது "பர்சனல் ரீசன்ஸ்" என்ற இரண்டு சொல். எழுதியவருக்கு அது பாதுகாப்பாகத் தெரிகிறது. எனக்கோ அதை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் எதையும் சொல்ல முடியாது. குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்த பெண்கள்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள், ஏதோ தப்பு செய்தது போல. "2019 முதல் 2022 வரை குழந்தை வளர்ப்பு, இப்போது குழந்தை பள்ளிக்குப் போகிறாள், சென்ற ஆறு மாதத்தில் இந்தப் பயிற்சியை முடித்தேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பிரிவில் இப்போது டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகிறது.

போன மாதம் ஒரு பையனின் ரெஸ்யூம் வந்தது. ராமநாதபுரம் பக்கம். மெக்கானிக்கல், ஒரு வருடம் முழுக்க இடைவெளி, அதே இரண்டு சொல். புராஜெக்ட் நன்றாக இருந்தது. சாயங்காலம் ஃபோன் செய்தேன். முதலில் ஒன்றும் இல்லை மேடம் என்றான். இது என் வேலை சம்பந்தமான கேள்வி, சொல்ல விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுப்பா என்றேன். அவனுடைய அண்ணன் கடலுக்குப் போன இடத்தில் விபத்து, முதுகில் அடி, எட்டு மாதம் படுக்கை. வீட்டில் ஆண் என்று இவன் ஒருவன்தான். இப்போது அண்ணன் நடக்கிறார், வலை பின்னும் வேலைக்குப் போகிறார்.

"இப்ப எங்கிட்ட சொன்னதையே மாசம் போட்டு எழுதி அனுப்பு. நாலு வரிக்கு மேல வேண்டாம். அண்ணன் இப்ப வேலைக்குப் போறார்ங்கறது கட்டாயம் இருக்கணும்" என்றேன்.

இரவு பதினொன்றரைக்கு மெயில் வந்தது. மூன்று வரி. காலையில் அதை அப்படியே மேலே வைத்து மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.